மலைக் கிராமங்களில் சிசு நலன்: தோலில் ஒட்டும் மின்னணு உணரிகள் எவ்வாறு உதவும்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கோவை, நீலகிரி மாவட்டங்களை ஒட்டி அமைந்துள்ளது அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழும் இப்பகுதியில் 2013-ஆம் ஆண்டு பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து உயிரிழந்தது நாடு முழுவதும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. தாய்மார்களின் ஊட்டச்சத்துக் குறைபாடும் ரத்தசோகையும், எடை குறைவான பிறப்புகளும் முக்கியக் காரணங்களாக அப்போது சுட்டிக்காட்டப்பட்டன.

எடை குறைவாகப் பிறந்த குழந்தையின் உடல்நிலை சில மணி நேரத்திலேயே மோசமடையக்கூடும். சுகாதாரப் பணியாளர் ஒரு முறை வந்து சென்று மறுமுறை வருவதற்குள் நேரும் மாற்றத்தைக் கண்டறிவதே சவால். அந்த இடைவெளியைக் குறைக்கும் வாய்ப்பு கொண்டவையாகக் கருதப்படுகின்றன, தோலில் ஒட்டிக்கொள்ளும் நெகிழ்வான மின்னணு உணரிகள்.

செயல்படும் விதம்

கணினிச் சில்லுகள் செய்யப்படும் சிலிக்கான் கடினமானது; எளிதில் உடையக்கூடியது. மனிதத் தோலோ மென்மையானது, இழுபடக்கூடியது. இவ்விரண்டையும் இணைக்கும் வழியை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் ரோஜர்ஸ் தலைமையிலான குழு 2011-இல் வெளியிட்டது. மிக மெல்லியதாக்கப்பட்ட மின்சுற்றுகளைப் பாம்பு போல் வளைந்து செல்லும் இழைகளாக அமைத்து, ரப்பர் போன்ற மெல்லிய படலத்தின் மீது பதிப்பதே அந்த உத்தி. தோல் இழுபடும்போது வளைவுகள் விரிந்து கொடுக்கும், இழை அறுபடாது.

வெப்ப மண்டல நாடுகளில் வியர்வையும் ஒரு சிக்கல். காற்றும் ஈரமும் புகாத படலத்தை நாள் கணக்கில் ஒட்டியிருந்தால் தோல் புண்ணாகும். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் டகாவோ சொமேயா குழுவினர், காற்று புகும் தங்க நுண்ணிழை வலையை 2017-இல் உருவாக்கி இதற்கு ஒரு தீர்வு கண்டனர்.

பச்சிளங்குழந்தைகளுக்கு இத்தொழில்நுட்பத்தால் விளையும் பயன் தெளிவானது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குழந்தையின் உடலில் பல கம்பிகள் இணைக்கப்படுகின்றன. அவற்றின் பசைப்பட்டையை எடுக்கும்போது மென்மையான தோல் உரிந்துவிடுவதுண்டு. தாய் குழந்தையை மார்போடு அணைத்து வெப்பமளிக்கும் கங்காரு முறைக்கும் கம்பிகள் இடையூறாகின்றன. மார்பில் ஒன்றும் பாதத்தில் ஒன்றுமாக ஒட்டப்படும் கம்பியில்லா உணரிகளால் இதயத் துடிப்பு, சுவாசம், வெப்பநிலை, ரத்த ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை அளவிட முடியும் என்பதை ரோஜர்ஸ் குழுவினரின் 2019-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

எச்சரிக்கை யாரைச் சென்றடையும்?

அளவீடு மட்டும் உயிரைக் காக்காது. இடுக்கி மாவட்டத்தின் இடமலைக்குடி இதற்குச் சான்று. முதுவர் சமூகத்தினர் வாழும் இப்பகுதி, 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடியின ஊராட்சியாக உருவாக்கப்பட்டது. இங்கிருந்து நோயாளிகளைக் காட்டுவழியே சுமந்து வர வேண்டிய நிலை பலமுறை ஏற்பட்டுள்ளது. இவ்வூராட்சிக்குச் செல்லும் வழியில் உள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு நேர்ந்த நிலச்சரிவில், தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் பலியாயினர். தகவல் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்ததால், மறுநாள் காலையில்தான் அச்செய்தி வெளியுலகை எட்டியது. இத்தகைய இடங்களில், தொலைவில் உள்ள மருத்துவமனைக்குத் தரவை அனுப்புவதை மட்டுமே நம்பியிருக்கும் கருவி, அவசரக் காலத்தில் பயனற்றுப் போகும்.

மாற்று வழியும் உண்டு. பெங்களூருவைச் சேர்ந்த பெம்பு நிறுவனம் உருவாக்கிய கைப்பட்டை, குழந்தையின் உடல் வெப்பநிலை 36.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே குறைந்தால் ஒலியும் ஒளியும் எழுப்பும். இது தோலில் ஒட்டும் மெல்லிய படலம் அல்ல, எளிய கருவியே. ஆயினும் இணைய இணைப்பு தேவையில்லை. எச்சரிக்கை முதலில் தாயைச் சென்றடைகிறது. குழந்தையை மார்போடு அணைத்து அவரால் உடனே செயல்பட முடிகிறது. ஒட்டும் உணரிகளும் இதே இலக்கணத்தைப் பின்பற்றுவது அவசியம்.

கவனிக்க வேண்டியவை

தோலின் நிறமும் அளவீட்டைப் பாதிக்கலாம். ஒளியைக் கொண்டு ரத்த ஆக்சிஜனை அளவிடும் கருவிகள், வெள்ளையினத்தவரைக் காட்டிலும் கறுப்பினத்தவரிடம் ஆக்சிஜன் குறைவைக் கண்டறியத் தவறியது ஏறத்தாழ 3 மடங்கு அதிகம் என 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு தெரிவித்தது. எனவே, இந்தியத் தோல் நிறங்களில் சோதித்த பின்னரே இத்தகைய கருவிகளை நம்புவது முறையாகும்.

உடல்நலத் தரவு யாரிடம் செல்கிறது என்பதை உரியவர்களின் மொழியில் விளக்கி ஒப்புதல் பெறுவதும் இன்றியமையாதது. அனைத்திற்கும் மேலாக, எச்சரிக்கை ஒலித்ததும் புறப்பட ஒரு வாகனமும், சென்று சேர ஒரு சாலையும், அங்கே ஒரு மருத்துவரும் இருந்தாக வேண்டும். கர்ப்ப காலத்திலேயே தாய்க்குக் கிடைக்க வேண்டிய சத்துணவுக்கு எந்த உணரியும் மாற்றாகாது.