தலை வெட்டுப்பட்ட அலை

1970இல் ராபர்ட் மூகின் நிறுவனம் மினிமூக் மாடல் டி என்ற சிந்தசைசரை வெளியிட்டது. அதில் ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர்கள் மூன்று. மிக்ஸரில் மூன்றின் குமிழ்களையும் முழுக்கத் திருகினால், அடுத்திருக்கும் ஃபில்டருக்குத் தாங்காத அளவு சிக்னல் போகிறது. ஏணிப்படியாக அடுக்கிய டிரான்சிஸ்டர்கள் அலையின் முகடுகளை மெல்ல மழுக்கிவிடுகின்றன. அந்தக் கருவியின் கனத்த பேஸ் ஒலியைக் கொண்டாடுகிறவர்கள் கேட்பதில் ஒரு பங்கு இந்த மிகைதான். ஹெட்போன் வெளியீட்டை அதே கருவியின் உள்ளீட்டில் செருகி, ஒலியை இன்னும் முரடாக்கியவர்களும் உண்டு.

பிறகு ஏன் இப்படி முகடு வெட்டுப்படும் கிளிப்பிங் என்றாலே ஒலிப்பதிவாளர்கள் முகம் சுளிக்கிறார்கள்? வெட்டு எந்த இடத்தில் விழுகிறது என்பதில் இருக்கிறது விஷயம். 440 ஹெர்ட்ஸ் அலையின் மேலும் கீழும் ஒரே அளவு தட்டையானால் 1,320, 2,200 என ஒற்றைப்படை மடங்குகள் புதிதாக முளைக்கும். அவை மூல சுரத்துக்கு உறவுக்காரர்கள், காது பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டல் சிந்தசைசரின் கணக்குக்குள் வெட்டு விழுந்தால் கதை வேறு. 16 பிட்டில் 32,767க்கு மேல் எழுத எண்ணே கிடையாது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதற்கும் இடமில்லை. 5,000 ஹெர்ட்ஸ் அலை அங்கே வெட்டுப்பட்டால் அதன் ஏழாவது மடங்கான 35,000, எல்லையில் மடங்கி 9,100 ஆகக் கீழே இறங்கும். மூல சுரத்தோடு எந்த ஒட்டுமில்லாத கிறீச்சல் அது.

பதிவுக்கு முன் ஒலியளவு பார்க்கும்போது பலர் ஒற்றை விரலால் ஒரு சுரம் வாசித்துப் பார்ப்பதோடு சரி. ஆனால் 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் ஒரே நேரத்தில் 16 குரல்கள் தரக்கூடியது. ஒரே மாதிரி இரண்டு அலைகளின் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் 6 டெசிபல் கூடும். நான்கென்றால் 12. ஃபில்டரின் ரெசனன்ஸை ஏற்றினாலும் முகடு நிமிரும். பாட்டில் வரப்போகும் மிகக் கனமான கார்டை, அழுத்தி வாசித்துத்தான் அளவு வைக்க வேண்டும்.

கம்ப்ரசர் போட்டால் தீராதா? 4:1 விகிதத்தில் வைத்தால், குறித்த எல்லையை 8 டெசிபல் தாண்டும் ஒலியை 2 டெசிபல் தாண்டலாகக் குறைக்கும். ஆனால் அட்டாக் நேரம் 10 மில்லிநொடி என்றால், கம்ப்ரசர் முழுதாகப் பிடிப்பதற்குள் பேஸின் முதல் உதை தாண்டிப் போயிருக்கும். அதற்கு வேகமான லிமிட்டர் வேண்டும். அதுவும் சிந்தசைசருக்கும் பதிவுக் கருவிக்கும் நடுவில். பதிவில் வெட்டுப்பட்ட அலையைப் பிற்பாடு எத்தனை கம்ப்ரசர் வழியாக அனுப்பினாலும் போன முகடு திரும்பாது. சத்தம் குறைந்த வெட்டுப்பட்ட அலைதான் மிஞ்சும். கம்ப்ரசரால் அழுத்திய கையோடு, குறைந்த சத்தத்தை ஈடுகட்டும் மேக்கப் கெயினை முழுக்க ஏற்றிவிட்டு, எச்சரிக்கை விளக்கு இன்னும் சிவப்பாக எரிகிறதே என்று கேட்பவர்களை என்ன செய்வது!

என்னைக் கேட்டால் பாதிச் சிக்கல் டேப் காலத்துப் பழக்கம். அன்று இரைச்சலுக்குப் பயந்து, முடிந்த மட்டும் உரக்கப் பதிந்தார்கள். அந்த நாளில் அது சரி. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் என்று வைத்தால் 24 பிட் பதிவின் வீச்சு ஏட்டளவில் 144 டெசிபல். உச்சத்துக்குக் கீழே 12 டெசிபல் காலியாக விட்டாலும் போவது இரண்டு பிட்தான். அப்போதும் பதிவில் சேரும் இரைச்சலைவிடச் சிந்தசைசரின் சொந்த இரைச்சலே அதிகம். ஆகவே சிந்தசைசரின் வால்யூமை நன்றாக ஏற்றிவைத்து, பதிவுக்கான இன்டர்ஃபேஸின் கெயினை இறக்குவதே நல்லது. அப்படியும் சிவப்பு எரிந்தால் உள்ளீட்டு அமைப்பைப் பாருங்கள்: 0.316 வோல்ட்டை எதிர்பார்க்கும் வீட்டுக் கருவி உள்ளீட்டுக்குள், ஸ்டுடியோ அளவான 1.23 வோல்ட் போய்க்கொண்டிருக்கலாம்.