கடுக்காயும் கைப்பையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறிக் கரியாலூர்ப் பக்கம் போகிறவர்கள், கடுக்காய் உதிரும் பருவத்தில் போனால், முற்றங்களிலும் பாறைகளிலும் உலர்த்தியிருக்கும் அந்தச் சுருங்கிய மஞ்சட்பழுப்புக் காய்களைப் பார்க்கலாம். மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டில் பொறுக்கி, காயவைத்து, மூட்டை கட்டிக் கீழே அனுப்பும் அந்தக் காய் சித்த வைத்தியரின் திரிபலா சூரணத்துக்கு ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தோல் பதனிடும் தொட்டிகளுக்கும் அது வெகுகாலமாகப் போய்வருகிறது என்பதும், நாம் தோளில் மாட்டித் திரியும் பையின் நிறத்தில் அதற்கு ஒரு பங்கு உண்டு என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கையாலேயே ஒரு பை தைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டானபோது, இந்தச் சம்பந்தமெல்லாம் எனக்கும் தெரியாது. நகரத்துக் கடை ஒன்றில், கண்ணாடிபோல் பளபளத்த ஒரு கறுப்புத் தோலை, மலிவாகக் கிடைக்கிறதே என்ற சந்தோஷத்தில் வாங்கிவந்து, இரண்டு வாரம் விரல்களைக் குத்திக்கொண்டு தைத்து முடித்தேன். ஆறு மாதத்தில் கைப்பிடி மடியும் இடமெல்லாம் பழைய சுவரின் சுண்ணாம்புபோல் உரிந்தது. தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மேல மினுக்கறதைப் பாத்து வாங்கிட்டீங்க, ஐயா. வெட்டின ஓரத்தைப் பாத்திருக்கணும்” என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பல ஆண்டு அநுபவத்தை மிச்சப்படுத்தியது.

வெட்டிய ஓரம் என்ன சொல்லும் என்பதை அறிய, பதனிடுதலைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். பட்டைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ப்புச் சத்தில் வாரக்கணக்கில் ஊறவைப்பது பழைய முறை; குரோமிய உப்புகளால் ஓரிரு நாளில் முடிப்பது புதிய முறை. 1903-ஆம் ஆண்டுவாக்கில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் பரிசோதனை செய்து பரப்பிய இந்தக் குரோம் முறையின் ஞாபகார்த்தமாகவே குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் நின்றுவிட்டது. பழைய முறையிலோ தமிழ்நாட்டுக்கென்று ஒரு கீர்த்தி உண்டு. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, புங்க எண்ணெய் முதலியவற்றைத் தடவி, சென்னைத் துறைமுகத்திலிருந்து சீமைக்கு ஏற்றப்பட்ட தோலைக் கிழக்கிந்தியத் தோல் என்பார்கள். வியாபாரிகள் வாயில் அது ஈ.ஐ. தோல். இப்போது அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆவாரம்பட்டையில் ஊறிய தோலுக்கு ஒரு குறை உண்டு: வெளிச்சம் பட்டால் செம்மை பாய்ந்துவிடும். கடைசியாகக் கடுக்காய்ச் சாற்றில் ஒருமுறை ஊறவைத்தால் அந்தச் செம்மை அடங்கி, வெளிர்மஞ்சள் நிறம் நிலைக்கும். ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் என்னும் மரத்தின் பட்டை பெரும்பாலும் பிடித்துக்கொண்ட பிறகும் கடுக்காய் தன் இடத்தை அடியோடு இழந்துவிடவில்லை.

ஆகவே ஓரத்தைப் பாருங்கள். பட்டையில் பதனிட்ட, சாயம் ஏற்றாத தோலில் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருக்கும். குரோம் தோலில் நடுவே பெரும்பாலும் நீலச்சாம்பல் ரேகை ஓடும். சந்தேகம் தீரவில்லையென்றால் துருப்பிடித்த ஆணியை வினிகரில் இரண்டு நாள் போட்டுவைத்து, அந்த நீரில் ஒரு சொட்டைச் சாயமில்லாத துண்டின்மேல் விடுங்கள். பட்டைத்தோலாயின் கண்ணெதிரே கறுத்துவிடும். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சிய நம் பாட்டன்மார் செய்ததும் இதே ரசாயனம்தான். இன்னொரு பரீட்சையும் உண்டு: நகக்கண் அளவு துண்டைக் கொதிநீரில் போட்டால் பட்டைத்தோல் சுருண்டு விறைக்கும், நன்கு பதனிட்ட குரோம் தோல் தாங்கும். இரண்டில் எது மேல் என்று கேட்டால், விறைப்பாக நிற்கும் பைக்கும் வாருக்கும் பட்டைத்தோல், துணிபோல் துவளும் பைக்குக் குரோம் தோல் என்பது என் அபிப்பிராயம். பட்டைத்தோல் என்றவுடனே சுத்தம் என்று எண்ணிவிடுவதற்கும் இடமில்லை. பாலாற்றங்கரையின் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி 1996-இல் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் படித்தவர்களுக்கு, இத்தொழிலின் கழிவுநீர் எவ்வளவு பெரிய விவகாரம் என்பது தெரியும்.

என்னை ஏமாற்றிய தோல் எந்த ஜாதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். தழும்பும் உண்ணிக் கடியும் நிறைந்த தோலின் மேற்பரப்பைத் தேய்த்தெடுத்துவிட்டு, அதன்மேல் கனத்த சாயப்பூச்சை ஏற்றி, போலி மயிர்க்கண்களை அச்சடித்து விற்பது வழக்கம். ஒரு சொட்டு நீர் விட்டால் அது உறிஞ்சாமல் உருண்டோடும். மயிர்க்கண்கள் கோலப்புள்ளிபோல் ஒரே சீராக இருக்கும். மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கவில்லை என்பதற்குத் தழும்பே சாட்சி ஆகையால், சிறு தழும்பு வெளியே தெரியும் தோலே நம்பத்தக்கது. ரெக்சினையோ இதனோடு சேர்த்துப் பேசவே வேண்டாம். ஒரு நூலிழை அளவு கிள்ளிக் கொளுத்தினால் பிளாஸ்டிக் உருகும் நாற்றம் அடிக்கும், தோலாயின் மயிர் பொசுங்கும் வாடை வரும்.

ஒரே தோலிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. முதுகும் பின்பக்கமும் இறுக்கம். வயிற்றுப்பக்கம் இழுத்தால் நீளும். கழுத்தில் மடிப்புக் கோடுகள். மேற்புறம் உட்பக்கமாக வரும்படி விரலால் மடித்துப் பார்க்கையில், நுண்ணிய சுருக்கங்கள் விழுந்தால் நல்ல தோல்; தடித்த மடிப்பாக மேலடுக்கு தனியே எழும்பினால் அது தளர்ந்த தோல். வாரை எப்போதும் முதுகெலும்பின் போக்கிலேயே வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டிய வார் பாரத்தில் நீண்டு, பை முழங்காலைத் தட்டத் தொடங்கும். பையின் உடலுக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் கனம் போதும். வாருக்கு மூன்று வேண்டும்.

இனிப் பணவிஷயம். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கிறது. சதைப்பக்கத்தில் 12 என்று எழுதி அதன் தலையில் சிறிதாக 2 என்று போட்டிருந்தால் பன்னிரண்டரைச் சதுர அடி என்று பொருள், தலையிலிருப்பது கால்களின் கணக்கு. முதல் தரம் அடி 120 ரூபாய், மூன்றாம் தரம் 90 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இருபது அடித் தோலில் முதல் தரம் மூன்றடி கழிவு போகப் பதினேழு அடி தரும். மூன்றாம் தரத்தில் ஓட்டையும் கத்திவெட்டும் சூட்டுத் தழும்பும் போகப் பெரிய பைக்கு உகந்தது பன்னிரண்டடிதான் தேறும். முதலாவதில் உபயோகமாகும் அடி ஒன்று 141 ரூபாய், இரண்டாவதில் 150. மலிவானதே விலை கூடிப்போயிற்று! ஆனால் பர்ஸும் சாவிக்கொத்து உறையும் செய்கிறவர் தழும்புகளுக்கு இடையிடையே வெட்டிப் பதினைந்தடி தேற்றிவிடுவார். அவருக்கு அதே மூன்றாம் தரம் 120 ரூபாயில் முடிந்துவிடும். ஆகையால் முதலில் பையின் துண்டுகளைக் காகிதத்தில் வெட்டிக்கொண்டு, அந்தக் காகிதங்களோடு கடைக்குப் போய்த் தோலின்மேல் பரப்பிப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

சென்னைப் பெரியமேட்டில் ஒரே ஒரு தோல் கேட்டாலும் கொடுக்கும் கடைகள் உண்டு; ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய சரக்கு லாட்டாக வரும். முதல் பைக்கு மாட்டுத்தோலின் பெரும்பரப்பில் பணத்தை முடக்குவதைவிட நான்கைந்து அடிக்குள் அடங்கும் ஆட்டுத்தோல் ஒன்றிரண்டை முழுதாக வாங்குவது சௌகரியம், மெல்லியதாயினும் உறுதியானது. உள்பக்கத்துக்குக் கெட்டியான பருத்தித்துணி தாராளமாகப் போதும். வாங்கியதை மடிக்காமல் சுருட்டிக் கொண்டுவர வேண்டும். மழைக்காலத்தில் பாலிதீன் உறையில் அடைத்தால் பூஞ்சணம் பூக்கும், துணியில் சுற்றிக் காற்றோட்டமாக வைத்தால் பாதகமில்லை.

வளையமும் கொக்கியும் பித்தளையாக இருக்கட்டும். மலிவு கருதி நான் இரும்பு வளையம் மாட்டிய இரண்டாவது பை ஒருநாள் மழையில் நனைந்தது. கடுக்காய் மை காய்ச்சும் அதே ரசாயனம் அதன் வாரில் எழுதிய கறுப்பு வட்டம் இன்றும் அழியவில்லை.