மதிப்பெண் யார் கைக்குப் போய்ச் சேருகிறது?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இது நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். ஒரு அரசு சுகாதார நிலையம் சரியாக நடக்கிறதா என்று யார் சொல்வது? மேலதிகாரி வந்து பார்த்துச் சொல்லலாம். அங்கே வரிசையில் நிற்கிறவர்களும் சொல்லலாம். அவர்கள் சொல்வதற்கு ஒரு முறையை, 2002இல் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் கேர் என்ற தொண்டு நிறுவனம் உருவாக்கியது. அதுதான் சமூக மதிப்பெண் அட்டை.

பெண்கள், ஆண்கள், இளைஞர்கள் என்று தனித்தனியாக உட்காருவார்கள். பிரசவ அறையில் நர்ஸ் திட்டியதை மாமனார் முன்னால் எந்த மருமகள் சொல்வாள்? அதனால்தான் தனித்தனி. காத்திருக்கும் நேரம், மருந்து இருப்பு, ஊழியர் பேசும் விதம் என எதற்கெல்லாம் மதிப்பெண் போடுவது என்பதையும் ஊரே முடிவு செய்யும். ஊழியர்களும் தங்கள் பங்குக்குத் தங்கள் வேலைக்கு மதிப்பெண் போடுவார்கள். பிறகு இரு தரப்பும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசும்.

இந்த முறைக்கு உயிர் அந்தக் கூட்டம்தான். மருந்துக்கு ஊர் குறைந்த மதிப்பெண் போட்டிருக்கும். ஊழியரும் அதையே போட்டிருக்கலாம், மேலிருந்து சரக்கு வராததால். அப்போது எது யார் பொறுப்பு என்று பிரிந்துவிடும். கடுஞ்சொல்லை நிறுத்துவது ஊழியர் வேலை. கர்ப்பிணிகளைக் காலத்தோடு அனுப்புவது ஊரின் வேலை. மருந்து அனுப்புவது மாவட்டத்தின் வேலை. யார், எதை, எப்போதைக்குள் செய்வது என்று எழுதிக்கொள்வார்கள். சில மாதம் கழித்து மறுபடியும் மதிப்பெண்.

இதனால் பலன் உண்டா? உகாண்டாவில் 50 சுகாதார நிலையங்களைக் கொண்டு இதே போன்ற முறையைச் சோதித்த ஆய்வு 2009இல் வெளியானது. கூட்டம் நடந்த ஊர்களில், ஓராண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் பின்னர் அதே நாட்டில் 376 நிலையங்களில் வேறு ஆய்வாளர்கள் செய்த சோதனையில் சிகிச்சையின் தரமும் நோயாளிகளின் திருப்தியும் ஓரளவு கூடினவே தவிர, குழந்தை இறப்பு குறையவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் புரிவது இதுதான்: ஊர் கேள்வி கேட்டால் நர்ஸின் பேச்சு மாறும், ஆனால் காலியான மருந்து அலமாரி அந்தக் கேள்வியால் மட்டும் நிறையாது. அதற்கான அதிகாரம் வேறிடத்தில் இருக்கிறது. அதனால் மேல்மட்டத்துக்கும் அட்டை வேண்டும். மலேரியாவை ஒழிக்க ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2009இல் அமைத்த கூட்டணி, 2011 முதல் பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்களுடன் ஓர் அட்டையைக் காலாண்டுதோறும் நாட்டுத் தலைவர்களுக்கே அனுப்புகிறது.

ஆகவே எந்த ஊரில் மதிப்பெண் அட்டை வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். போட்டது யார்? பதில் சொல்லப்போவது யார்? மறுபடி எப்போது போடுவார்கள்? மூன்றுக்கும் விடை இருந்தால் அந்த அட்டையை நம்பி உங்கள் நேரத்தைக் கொடுக்கலாம். இல்லையென்றால், விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்பது உங்கள் உரிமை.