மூச்சு இயந்திரம் ஏன் சீறுகிறது?

தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை என மூன்று திசைக்கும் தண்டவாளம் பிரியும் ஊர் மணியாச்சி. சந்திப்பை ஒட்டி வாழ்பவர்களின் காது ரயிலுக்குப் பழகிவிடும். நடுராத்திரியில் சரக்கு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனாலும் புரண்டுகூடப் படுக்காமல் தூங்கலாம். அப்படிப்பட்டவரையும் தலைமாட்டில் இருக்கும் 'சி-பேப்' என்ற மூச்சு இயந்திரத்தின் மெல்லிய 'உஸ்' எழுப்பிவிடும்.

இதற்கு இரண்டு காரணங்கள். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை. சிறு இடுக்கு வழியே பீறிடும் காற்றின் சீறல் இந்த எல்லைக்குள் வலுவாக இருக்கும். அடுத்தது, தூரம். ரயில் எப்படியும் சற்றுத் தள்ளித்தான் போகிறது. இயந்திரத்தின் முகமூடியோ காதுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுவதை 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள். ஓர் இரவில் பலமுறை மூச்சு நின்று, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, ஒவ்வொரு முறையும் உடல் திடுக்கிட்டு விழிக்கும். பகலில் ஓயாத அசதி, ஏறிய ரத்த அழுத்தம், இதயத்துக்குச் சுமை என்று அதன் விளைவுகள் நீளும். இசையமைப்பாளர் பப்பி லாஹிரி 2022 பிப்ரவரியில் மறைந்தபோது இந்த நோயின் பெயர் செய்திகளில் பரவலாக அடிபட்டது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இந்தியாவில் வேலை செய்யும் வயதினரில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என மதிப்பிட்டது.

இந்த நோய்க்குப் பலன் தரும் முதன்மையான சிகிச்சை சி-பேப். முகமூடி வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவு.

இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன். 1980-இல் சிட்னியில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அதுவரை கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்குக் கழுத்தில் துளையிடுவதுதான் வழி. ஐந்து நோயாளிகளிடம் கிடைத்த பலனை 1981-இல் 'லான்செட்' இதழில் அவர் வெளியிட்டார். தொடக்க காலக் கருவிகளுக்குத் தரை துடைக்கும் வாக்குவம் கிளீனரின் மோட்டாரே ஆதாரம். அந்த இரைச்சலோடுதான் முதல் தலைமுறை நோயாளிகள் தூங்கினார்கள்.

இன்று பரவலாகப் புழங்கும் ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 இயந்திரத்தின் ஒலி 26.6 டெசிபல் என்கிறது அதன் கையேடு. படுக்கையறையில் தொடர்ந்து கேட்கும் ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வகுத்த வழிகாட்டுதல். பலத்த குறட்டையோ 60 டெசிபலைத் தொடும். ஒலியாற்றலில் கணக்கிட்டால் இது இயந்திரத்தைவிட இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே கையேடு 'ஒலித்திறன் 34.6 டெசிபல்' என்று இன்னோர் எண்ணையும் தருகிறது. முன்னது காதை வந்தடையும் அழுத்தம், பின்னது கருவி வெளியிடும் மொத்த ஆற்றல். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுபவர் ஒரே வகை எண்ணைத்தான் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இயந்திரம் இவ்வளவு அமைதியானது என்றால் சத்தம் எங்கிருந்து வருகிறது? இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் படுப்பவர் முகமூடி, குழாய் இணைப்பு, காற்று உள்ளே நுழையும் வாய் என்று ஒவ்வொன்றின் அருகிலும் காதை வைத்துக் கேட்டால் இடம் பிடிபட்டுவிடும்.

பெரும்பாலும் குற்றவாளி முகமூடிதான். அதிலுள்ள நுண்துளைகள் வழியே வெளிமூச்சு எப்போதும் கசிந்தாக வேண்டும்; அவற்றை ஒருபோதும் அடைக்கக் கூடாது. தொல்லை தருவது ஓரத்தில் ஏற்படும் கசிவு. தோட்டத்து ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுவதைப் போல, கன்னத்துக்கும் முகமூடியின் சிலிக்கோன் விளிம்புக்கும் இடையிலுள்ள இடுக்கில் காற்று சீறுகிறது. முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் முகமூடி வழுக்கும். படுக்கும் முன் முகம் கழுவுவது அவசியம். அடர்ந்த மீசைக்காரர்களுக்கு மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சிறிய வகை நன்றாக உட்காரும். பட்டையை இறுக்கிக்கொண்டே போனால் சிலிக்கோன் மடங்கிக் கசிவு கூடும். படுத்த நிலையில், காற்று ஓடும்போதே பட்டையைச் சரிசெய்வதுதான் முறை.

அடுத்தது வடிகட்டி. ஆடிக் காற்றில் கோவில்பட்டி வட்டாரத்தின் கரிசல் புழுதி கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றிலும் புகும்; சி-பேப்பின் வடிகட்டி மட்டும் தப்புமா? புழுதி படிந்து காற்று நுழைவது தடைபட்டால், அதே அழுத்தத்தைத் தர மோட்டார் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். விசிறிப் பொறியியலின் பொது விதிப்படி, சுழலும் வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். வேகம் கூடினால் அதே கணக்கில் ஏறும். ஆகவே காற்றுக் காலத்தில் வாரம் ஒருமுறை வடிகட்டியைப் பார்த்து, அழுக்கேறியதும் மாற்றிவிட வேண்டும்.

மார்கழியில் தொல்லை வேறு. மின்விசிறியை நிறுத்திவிடுவதால் அதுவரை அமுங்கியிருந்த இயந்திர ஒலி தனியே கேட்கும். குளிர்ந்த குழாய்க்குள் ஈரக்காற்று நீராகித் தேங்கிக் 'களக் களக்' என்று ஒலிக்கும். கட்டிலைவிடத் தாழ்வான ஸ்டூலில் இயந்திரத்தை வைத்தால் அந்த நீர் முகத்துக்கு வராமல் திரும்பி வடியும். குழாய்க்குத் துணியுறை போட்டால் நீர் சேர்வதே குறையும். காற்றை ஈரமாக்கும் தொட்டியில் இந்தப் பக்கத்து உப்புக் கிணற்று நீரை ஊற்றினால் படிவு கட்டும்; காய்ச்சி வடித்த நீர்தான் ஏற்றது.

தகர மேசை, பீரோவின் மேல்தட்டு போன்றவை அதிர்வைப் பெருக்கும். அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டு, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தாலே உறுமல் அடங்கும். காதிலிருந்து தள்ளி வைப்பதும் உதவும்: திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். வெற்றுச் சிமெண்ட் சுவர் எதிரொலிக்கும் அறையில் அவ்வளவு குறையாது என்றாலும் பலன் உண்டு. வழக்கமான குழாயின் நீளம் 1.8 மீட்டர். அதைவிட நீளமான குழாய் வேண்டுமென்றால் அதற்கேற்ப அமைப்பை மாற்ற வேண்டும். அது டெக்னீஷியன் வேலை. சத்தத்துக்குப் பயந்து போர்வையால் மூடுவதோ, பெட்டிக்குள் அடைப்பதோ ஆபத்து. இயந்திரம் சூடேறும், காற்று வரத்தும் குறையும்.

சத்தத்தை அடக்கும் பொருளும் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்பதை உலகம் 2021 ஜூனில் கண்டது. தன் கருவிகளுக்குள் ஒலியை உறிஞ்ச வைத்திருந்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து, அதன் துகளும் வாயுவும் நோயாளியின் மூச்சில் கலக்கக்கூடும் என்று அறிவித்து, பிலிப்ஸ் நிறுவனம் உலகெங்கும் பல லட்சம் கருவிகளைத் திரும்பப் பெற்றது. வெப்பமும் ஈரப்பதமும் ஓசோன் வாயுவால் சுத்தம் செய்வதும் சிதைவை விரைவுபடுத்தும் என்று எச்சரிக்கப்பட்டது. மாற்றாகச் சிலிக்கோன் நுரை வந்தது. பழைய கருவியைக் கைமாற்றாக வாங்குபவர்கள் அதன் மாடலும் வரிசை எண்ணும் திரும்பப் பெற்றவற்றின் பட்டியலில் உள்ளனவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

இத்தனை அக்கறைக்கும் காரணம் உண்டு. இரவுக்குக் குறைந்தது 4 மணி நேரம், 100 நாளில் 70 நாளாவது போட்டால்தான் ஒழுங்கான பயன்பாடு என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். சத்தத்துக்குச் சலித்துக் கழற்றி வைப்பவருக்கு மூச்சுத் தடை அன்றிரவே திரும்பிவிடும். எனவே வாங்கும் முன் வீட்டில் சில நாள் போட்டுப் பார்க்க வாய்ப்புக் கேட்பது நல்லது. அழுத்தத்தைத் தாமே குறைத்துவிடாமல், படுத்ததும் அது மெல்ல ஏறும்படி அமைத்துத் தர மருத்துவரைக் கேட்கலாம். புதிதாகக் கரகரப்புக் கேட்டாலோ குழாயில் கருந்துகள் தெரிந்தாலோ மறுநாள் வரை தள்ளிப்போடாமல் விற்பனையாளரையும் மருத்துவரையும் அழைத்து, மாற்றுக் கருவிக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.