சமையலறையை அளந்த பெண்மணி

வீட்டு அலங்காரம் என்று சொன்னவுடன் நம்முடைய மனம் நேரே முன்கூடத்துக்குத்தான் ஓடுகிறது. ஜன்னல் திரைக்கு என்ன வர்ணம், சோபாவை எந்தச் சுவரோரமாகப் போடுவது, கண்ணாடி அலமாரியில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கு எத்தனையாவது தட்டு என்றெல்லாம் பேச்சு வளர்கிறது. வருகிறவர்கள் பார்த்து, "அடடா!" என்று சொல்ல வேண்டும். வருகிறவர்களோ எப்போதாவது ஒரு நாள் வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, காபி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் காபியைக் கலந்த இடம் எப்படி இருக்கிறது என்று அவர்கள் பார்ப்பதுமில்லை, நாம் காட்டுவதுமில்லை!

உங்கள் வீட்டில் யார் எந்த அறையில் எத்தனை நேரம் இருக்கிறார்கள் என்று ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மிகவும் அதிகமான நேரம் ஒரே ஆள் நின்றுகொண்டே இருக்கும் அறை எது? அந்த அறைக்குத்தான் பெரும்பாலும் வீட்டில் மிஞ்சிய இடம், மிஞ்சிய வெளிச்சம், மிஞ்சிய பணம் கிடைக்கிறது. கூடத்துக்குத் தொங்கு விளக்கு. சமையலறைக்கு, நிற்பவளுடைய முதுகுக்குப் பின்னால் ஒரு விளக்கு. வெங்காயம் நறுக்கும்போது அவள் நிழலே அவள் கத்தியின்மேல் விழும்.

இதை ஒருவர் கடியாரமும் கையுமாக உட்கார்ந்து யோசித்தார். வீட்டு அமைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் யாராக இருந்தாலும் அவரைத் தொடாமல் மேலே போக முடியாது.

பிராங்பர்ட்டில் ஒரு சின்ன அறை

மார்கரெட்டே லிஹோட்ஸ்கி 1897-ஆம் வருஷம் வியன்னாவில் பிறந்தவர். கட்டடக் கலை படித்த ஆஸ்திரியப் பெண்களில் முதல் வரிசையைச் சேர்ந்தவர். பெண்பிள்ளை போடும் வரைபடத்தை நம்பி யார் வீடு கட்டுவார்கள் என்று கேட்ட காலம் அது.

முதல் உலக யுத்தம் முடிந்த பிறகு ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. தொழிலாளிக் குடும்பங்களுக்கு ஒரே அறைதான் சமையல் அறை, சாப்பாட்டு அறை, படுக்கை அறை எல்லாம். பிராங்பர்ட் நகரத்தில் எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞர் ஆயிரக்கணக்கில் குறைந்த வாடகை வீடுகள் கட்டும் பொறுப்பை ஏற்றிருந்தார். அவர் 1926-இல் லிஹோட்ஸ்கியைத் தம்முடைய குழுவுக்கு அழைத்துக்கொண்டார். அங்கே பிறந்ததுதான் "பிராங்பர்ட் சமையலறை."

அந்த அறையின் அளவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம்முடைய கணக்கில் ஆறே கால் அடிக்குப் பதினொன்றே கால் அடி. இன்றைய சென்னை அடுக்குமாடி வீடுகளிலே இதைவிடப் பெரிய சமையலறைகள் உண்டு. ஆனால் அந்தச் சின்ன அறையில் ஒரு விரற்கடை இடம்கூட வீணாகாதபடி அவர் திட்டம் போட்டார்.

எப்படிப் போட்டார்? அமெரிக்காவில் கிறிஸ்டீன் பிரெடரிக் என்ற பெண்மணி வீட்டு வேலையையும் தொழிற்சாலை வேலையைப்போல் அளந்து பார்க்கலாம் என்று 1913-இல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். 1922-இல் அது ஜெர்மன் மொழிக்கு வந்தது. லிஹோட்ஸ்கி அதைப் படித்தார். ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, எத்தனை தடவை குனிய வேண்டியிருக்கிறது, எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அளந்தார். இன்னொரு குருவும் அவருக்கு உண்டு. அதுதான் ரயில் வண்டியின் உணவுப் பெட்டி! ஓடுகிற ரயிலில், நாலு எட்டு வைக்க முடியாத இடத்தில், ஒரு கூட்டத்துக்கே சமைத்துப் போடுகிறார்களே, அந்த வித்தை வீட்டுக்குள் வந்தால் என்ன என்று யோசித்தார்.

அஞ்சறைப் பெட்டியின் தங்கை

அந்தச் சமையலறையில் என்னென்ன இருந்தன?

ஜன்னலுக்கு நேர் கீழே வேலை செய்யும் பலகை. வெளிச்சம் கைமேல் விழும். அதன் முன்னால் சுழலும் முக்காலி. காய்கறி நறுக்குகிறவள் உட்கார்ந்தபடியே நறுக்கலாம். நறுக்கிய தோலையும் காம்பையும் ஒதுக்கித் தள்ள, பலகையிலேயே ஒரு குப்பை இழுப்பறை. இஸ்திரி போடும் பலகை சுவரில் மடிந்து கிடக்கும்; வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம். விளக்கு, கூரையில் ஒரு தண்டவாளத்தில் ஓடும். எங்கே வேலையோ அங்கே இழுத்துக்கொள்ளலாம்.

அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்கு அலுமினியத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் கைப்பிடியும் ஒரு மூக்கும் உண்டு. இழுத்து, அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். மேலே என்ன பொருள் என்று எழுதியிருக்கும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு ஜெர்மனியில் பிறந்த தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! மாவு வைக்கும் பெட்டி மட்டும் ஓக் மரம். அதிலே புழு அண்டாது. நறுக்கும் பலகை பீச் மரம், கறை பிடிக்காது. அலமாரிகளுக்கு நீலமும் பச்சையும் கலந்த வர்ணம். அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று அப்போது நம்பினார்கள்.

பக்கத்து அறைக்கு ஓர் இழுவைக் கதவு. அதைத் திறந்து வைத்தால் அடுப்புக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் சுமார் 3 மீட்டர் தூரம்தான். அங்கே விளையாடும் குழந்தைமேல் தாய் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம்.

இப்படி ஏறக்குறைய 10,000 சமையலறைகள் பிராங்பர்ட்டில் அமைந்தன. பணக்காரர் மாளிகைக்கு அலங்காரம் செய்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். வாடகை வீட்டில் குடியிருக்கும் தொழிலாளியின் மனைவிக்குக் கால்வலி குறைய வேண்டுமே என்று அடி அடியாக அளந்தவர்கள் மிகச் சிலர்.

அளவில் அகப்படாதது

குடிவந்த பெண்கள் எல்லோரும் கைகொட்டி மகிழ்ந்தார்களா என்றால், அதுதான் இல்லை.

சர்க்கரை என்று எழுதியிருந்த பெட்டியில் அவர்கள் வேறு எதையாவது போட்டு வைத்தார்கள். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு சமையல் வேறாயிற்றே. பெயர் எழுதுகிறவர் ஒருவர், சமைக்கிறவர் இன்னொருவர் என்றால் அப்படித்தான் ஆகும். கீழ்வரிசைப் பெட்டிகள் சின்னக் குழந்தைகளின் கைக்கு எட்டின. அப்புறம் கேட்பானேன்!

இவையெல்லாம் சில்லறைக் குறைகள். பெரிய குறை வேறு. அந்த அறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. ஒருத்திக்கு அளந்து தைத்த ரவிக்கையைப்போல் அது ஒருத்திக்கே பொருந்தியது. மகள் உள்ளே வந்து ஒத்தாசை செய்ய இடமில்லை. கணவன் வந்தால் இடித்துக்கொள்ள வேண்டும். முன்பு ஒரே அறையில் சமையலும் பேச்சுமாக இருந்தவள், இப்போது தனியாக ஓர் உள்ளறையில் நின்றாள். வேலையைச் சுருக்குவதற்காகச் செய்த அறை, வேலைக்காரி இவள்தான் என்று பட்டா எழுதிக் கொடுத்ததுபோல் ஆயிற்று. பிற்காலத்தில் பெண்கள் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் இதையே பெரிய குற்றமாக எடுத்துச் சொன்னார்கள்.

லிஹோட்ஸ்கியின் நோக்கம் அதுவல்ல. வீட்டு வேலை சீக்கிரம் முடிந்தால் பெண்ணுக்குப் படிக்கவும் வெளியே உத்தியோகம் பார்க்கவும் நேரம் கிடைக்கும் என்பதே அவர் நம்பிக்கை. இதிலே ஒரு வேடிக்கை: அந்தச் சமையலறையை அமைத்த காலத்தில் தமக்குச் சமைக்கவே தெரியாது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்!

அவருடைய வாழ்க்கை அந்தச் சமையலறையோடு முடிந்துவிடவில்லை. 1930-இல் சோவியத் நாட்டுக்குப் போய் வேலை செய்தார். பிறகு துருக்கிக்குப் போனார். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து ரகசியமாக வேலை செய்வதற்கென்றே 1940-இன் கடைசியில் வியன்னாவுக்குத் திரும்பினார். சில வாரங்களிலேயே பிடிபட்டார். 15 வருஷச் சிறைத் தண்டனை. யுத்தம் முடிந்த 1945-இல்தான் விடுதலை. 2000-ஆம் வருஷம், 103 வயது நிறைவதற்கு ஐந்தே நாள் இருக்கும்போது காலமானார். கடைசிவரையில் பேட்டி காண வந்தவர்கள் எல்லோரும் சமையலறையைப் பற்றியே கேட்டார்கள். அதில் அவருக்குச் சலிப்பு வந்துவிட்டதாம். நியாயம்தானே? நாற்பது வகைப் பலகாரம் செய்யத் தெரிந்தவளிடம் எல்லோரும் ரசத்தைப் பற்றியே விசாரித்தால் எப்படி இருக்கும்!

நம்முடைய மேடை

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். நம்முடைய பழைய அடுக்களையும் யோசனை இல்லாமல் அமைந்ததல்ல. அங்கே எல்லா வேலையும் உட்கார்ந்துதான். மணையில் உட்கார்ந்தவளுக்கு அடுப்பும், அரிவாள்மணையும், அஞ்சறைப் பெட்டியும் கைக்கெட்டும் தூரம். ஆனால் புகை இருந்தது, இருட்டு இருந்தது, அம்மியும் ஆட்டுக்கல்லும் தோளை வாங்கின. கோயமுத்தூரில் 1955-இல் மாவு அரைக்கும் கிரைண்டர் உருவானதும், பின்னால் மிக்ஸியும் காஸ் அடுப்பும் வீட்டுக்கு வீடு வந்ததும் சாமானிய உபகாரமா?

அடுப்பு மேடை ஏறியது. நாமும் எழுந்து நின்றோம். ஆனால் அந்த மேடையின் உயரத்தை நிச்சயித்தது யார்? பெரும்பாலும் கொத்தனார். எல்லா வீட்டுக்கும் அவருக்கு ஒரே அளவு. அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் என்ற இஞ்சினீயர் அம்மாள், பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவர், 1920-களின் கடைசியிலிருந்தே சமையலறை ஆராய்ச்சியில் இறங்கினார். நிற்கிறவளுடைய உயரத்துக்குத் தக்கபடி மேடையின் உயரம் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத் தொட்டி இருக்கிறதே, அதுவும் அவர் யோசனைதான்.

அவர் சொன்னதை நாமும் செய்து பார்க்கலாம். முழங்கையை மடித்துக்கொண்டு நேராக நில்லுங்கள். தரையிலிருந்து முழங்கை வரையில் உங்கள் தங்கையை விட்டு அளக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து 3 அல்லது 4 அங்குலம் குறைத்தால், அதுதான் உங்களுக்கு ஏற்ற மேடை. 5 அடி உயரமுள்ளவளுக்கும் ஐந்தரை அடி உயரமுள்ளவளுக்கும் முழங்கையில் சுமார் 4 அங்குல வித்தியாசம் இருக்கும். நாமோ காஸ் அடுப்பை மேடையின்மேல் வைத்து, அதன்மேல் குக்கரை ஏற்றி, தோளைத் தூக்கிக்கொண்டு கிளறுகிறோம். புதிதாகக் கட்டுகிறவர்கள் அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் 4 அங்குலம் தாழ்த்தச் சொல்லலாம். ஏற்கெனவே கட்டிய வீட்டில் குட்டையானவர்கள் நிற்க உறுதியான, அகலமான மரப்பலகை ஒன்று போதும். நெட்டையானவர்கள் காய் நறுக்கும் பலகைக்குக் கீழே ஒரு கனமான கட்டையைக் கொடுக்கலாம்.

அடுப்பு, தொட்டி, குளிர்சாதனப் பெட்டி இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு முக்கோணம் போடுங்கள். ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மிஞ்சாமலும் இருந்தால் கால் பிழைக்கும். விளக்கு தலைக்குப் பின்னால் வேண்டாம். மேடைக்கு மேலே, கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும். உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைக்கு ஒரு முக்காலி. இவற்றுக்கு ஆகும் செலவு கூடத்துத் திரைச்சீலையைவிடக் குறைவு.

இன்னும் ஒரு சாமான்

இவ்வளவும் செய்துவிட்டால் போதுமா? இந்திய அரசாங்கம் 2019-இல் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண் ஒருத்தி அதற்காக நாள் ஒன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிஷம். வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிஷம். அது மட்டுமல்ல. அப்படி ஏதாவது வேலை செய்கிற பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்களோ நூற்றுக்கு 26 பேர்தான்!

யந்திரங்கள் எத்தனையோ வந்தும் நேரம் ஏன் மிச்சமாகவில்லை? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற சரித்திர ஆசிரியை 1983-இல் எழுதிய புத்தகத்தில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். யந்திரம் வந்தவுடன் மற்றவர்கள் செய்துவந்த பங்கு குறைந்தது, எதிர்பார்ப்பு உயர்ந்தது, மிச்சம் எல்லாம் தாயின் தலையில் விழுந்தது என்கிறார். நமக்குத் தெரியாததா? விறகு பிளந்துபோட ஆண்பிள்ளை வேண்டியிருந்தது. காஸ் அடுப்பைப் பற்றவைக்க அவர் எதற்கு? ஆட்டுக்கல் காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள் இட்லி. கிரைண்டர் வந்தபின் தினம் இட்லி, தோசை. அதற்கு இரண்டு சட்னி!

ஆகையால் புது வீடு கட்டும்போதோ, பழைய சமையலறையைத் திருத்தும்போதோ, ஓர் அளவை மறக்காதீர்கள். மேடைக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே நாலு அடியாவது இடம் விடுங்கள். ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் இடிக்காமல் போய்வர அவ்வளவு வேண்டும். இடம் இருந்தால், இழுவைக் கதவோ திறந்த வாசலோ வைத்துக் கூடத்துப் பேச்சு உள்ளே வரட்டும். உள்ளே இருக்கும் வேலை வெளியே தெரியட்டும்.

இடம் விட்டாகிவிட்டது. அங்கே வந்து நிற்க வேண்டிய ஆளை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. வீட்டுக்குள்ளிருந்துதான் கூப்பிட வேண்டும். பிள்ளைக்குப் பத்து வயது ஆகிவிட்டதா? சுழலும் முக்காலியில் அவனை உட்காரவைத்துப் பீன்ஸ் நறுக்கச் சொல்லுங்கள். அவன் தகப்பனாருக்குக் காபி கலக்கத் தெரியாதென்றால், டிகாக்ஷன் இறங்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சர்க்கரை கூடிவிடும். பரவாயில்லை, குடித்துவிடுங்கள்!