20 டாலர் வாங்கிக்கொண்டு ‘ரைட்’ பண்ணின டிஸ்க்!
அமெரிக்காவில் பழைய பட ரசிகர்கள் புலம்பல்

சினிமா டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளியாக மின்னினால் அது ஆலையில் அச்சடித்த சரக்கு. ஊதா நிறம் அடித்தால்..? வெற்று டிஸ்க் வாங்கி ‘ரைட்’ பண்ணினது!

தெருமுனை சி.டி. கடைக்காரர் செய்கிற வேலைதான். ஆனால் இதைச் செய்தது அமெரிக்காவின் பிரம்மாண்டமான வார்னர் பிரதர்ஸ் கம்பெனி!

2009 மார்ச்சில் ‘வார்னர் ஆர்க்கைவ்’ என்ற பெயரில் 150 பழைய படங்களை விற்பனைக்கு விட்டார்கள். கடையில் கிடையாது. ஆர்டர் வந்த பிறகுதான் டிஸ்க் தயாராகும். விலை 19 டாலர் 95 சென்ட். அன்றைய மதிப்பில் சுமார் ஆயிரம் ரூபாய். ஆரம்பத்தில் அமெரிக்காவுக்கு வெளியே அனுப்பவும் மாட்டோம் என்று கைவிரித்து விட்டார்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? ஆலையில் அச்சடிக்க முதலில் ‘மாஸ்டர்’ தட்டு செய்ய வேண்டும். பிறகு ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். 1930-களில் வந்த படத்தை எத்தனை பேர் வாங்குவார்கள்? இந்த வழி இல்லையென்றால் அந்தப் படங்களில் பல பெட்டியை விட்டு வெளியே வந்தே இருக்காது. அதை மறுக்க முடியாது. ஆனால்...

சாயம் வெளுத்தால் படம் காலி!

அச்சு டிஸ்க்கில் படம் பிளாஸ்டிக்கிலேயே பள்ளம் பள்ளமாகப் பதிந்திருக்கும். ‘ரைட்’ பண்ணினதில் அப்படி இல்லை. உள்ளே ஒரு சாயப் பூச்சு. அதை லேசர் சுட்டதுதான் படம். வெயில், சூடு, ஈரம் மூன்றும் சாயத்துக்கு எதிரி. பத்திரப்படுத்தி பேரனுக்குக் கொடுக்கலாம் என்று வாங்குகிறவர் வயிற்றில் புளியைக் கரைக்கிற சமாசாரம் இது.

சில மெஷினில் ஓடவும் ஓடாது. கம்ப்யூட்டரில் ஓடாமல் போகலாம் என்று கம்பெனியே உறையில் பொடி எழுத்தில் போட்டு வைத்தது. பணம் கட்டி, டிஸ்க் வீட்டுக்கு வந்த பிறகுதானே உறையைப் படிக்க முடியும்!

சப்-டைட்டில்? பெரும்பாலும் கிடையாது. இது சின்னக் குறை அல்ல. பழைய படம் கேட்டு வாங்குகிறவர்களில் வயதானவர்கள் அதிகம், காது மந்தமானவர்களும் உண்டு. காட்சி தேடிப் போக வேண்டுமா? பத்து நிமிடத்துக்கு ஒரு கோடு கிழித்து விட்டிருப்பார்கள். பாட்டுக்கு நடுவில் கோடு விழுந்தாலும் சரி, அடிதடிக்கு நடுவில் விழுந்தாலும் சரி!

பாதிப் படத்தைக் காணோம்

இதையெல்லாம் தூக்கி அடித்தது ஃபாக்ஸ் கம்பெனி. 1953-ல் ‘தி ரோப்’ படம் மூலம் சினிமாஸ்கோப் அகலத்திரையை உலகத்துக்குக் காட்டியவர்கள் இவர்கள். 2012-ல் ‘ஃபாக்ஸ் சினிமா ஆர்க்கைவ்ஸ்’ என்று இதே வியாபாரத்தில் இறங்கினார்கள். வந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தால், சினிமாஸ்கோப் படங்கள் சிலவற்றில் இரண்டு பக்கமும் கத்தரிப்பு! பழைய டி.வி. பெட்டிக்காக வெட்டி வைத்திருந்த பிரதியை அப்படியே ஏற்றி விட்டார்கள். அகலத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அம்போ. இரண்டு பேர் பேசுகிற காட்சியில் ஒருத்தர் மூக்கு மட்டும் தெரிந்தால் எப்படி இருக்கும்? ரசிகர்கள் கொதித்ததில் என்ன தப்பு?

வார்னர் ஆட்கள் பிற்பாடு பல படங்களைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். 2012 முதல் இதே வரிசையில் புளூ-ரே டிஸ்க்கை ஆலையில் அச்சடித்தே விற்றார்கள்.

அப்போ அச்சடித்த டிஸ்க் என்றால் கவலையே இல்லையா? அதுவும் சிரஞ்சீவி இல்லை சார். 2006 முதல் 2008 வரை அச்சடித்த டி.வி.டி.க்களில் சில கெட்டுப் போவதாக 2025-ல் வார்னர் கம்பெனியே ஒப்புக்கொண்டது. மாற்றித் தருகிறோம் என்றார்கள். சில படங்கள் இப்போது அச்சில் இல்லை, சிலவற்றுக்கு உரிமை முடிந்து விட்டது. அவற்றுக்குப் பதில்? அதே விலையில் வேறு படம்!