பழமை தேடிய புதுச் சமயம்

ஆங்கிலத்திலே ‘விட்ச்’ என்று வழங்கும் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் யாது என்று மாணவர் எவரேனும் கேட்பின், விடை கூற நான் சற்றுத் தயங்குவேன். அகராதி ‘சூனியக்காரி’ என்று கூறிவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடும். அதைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன ஊசி குத்திய பாவையும், எலுமிச்சம்பழமும், வேலியோரத்திலே புதைத்த செப்புத் தகடுமே. ஆனால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பிலே, சமயம் யாது என்ற வினாவுக்கு ஏறத்தாழ 13,000 பேர் ‘விக்கா’ என விடை எழுதினர். கிறித்தவத்துக்கு முந்திய தெய்வங்களை வழிபடுவோர் என்னும் பொருளில் ‘பேகன்’ என்று எழுதியோர் ஏறத்தாழ 74,000 பேர். தம்மை ‘விட்ச்’ என்று தாமே கூறிக்கொள்ளும் இவர்களைச் சூனியக்காரர் என்றால் அஃது அவதூறாகும். ஆதலால் ‘விக்கா’ என்ற பெயரையே இங்கு ஆளுகின்றேன். ஆண் மந்திரவாதியைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் அது.

விக்கா நெறியினர் ஒரு தேவியையும் ஒரு தேவனையும் வணங்குவர். தேவிக்கு அடையாளம் சந்திரன். தேவன் வேட்டை விலங்குகளின் தலைவன்; ஆதலாற் கொம்புடையவன். கொம்பைக் கண்டு இவனைச் சாத்தான் என எண்ணுவது தவறு. சாத்தான் கிறித்தவரின் கொள்கை. இச்சமயத்தில் அவனுக்கு இடமே இல்லை. முழுநிலா நாள்களிலும், பருவ மாற்றங்களையொட்டி வரும் எட்டுத் திருநாள்களிலும் இவர்கள் சிறு குழுக்களாகக் கூடி, நிலத்திலே வட்டம் இட்டு, அதனுள் நின்று வழிபடுவர். ஒருவருக்கும் தீங்கு செய்யாத வரையில் அவரவர் விருப்பம்போல் ஒழுகலாம் என்பது தலையாய அறவிதி. சில குழுக்கள் ஆடை களைந்து வழிபடும். வானையே உடுத்தோர் எனப் பொருள்படும் ஒரு தொடரால் அந்நிலையைக் குறிப்பர். சமணருள் ஒரு பிரிவினர் திகம்பரர் எனப் பெயர் பெற்றமை தமிழ் வாசகர்க்கு உடனே நினைவுக்கு வரும்.

இவ்வழிபாட்டு முறைகளைக் காட்டிலும் என் சிந்தையை ஈர்த்தது, இச்சமயம் தன் வயதைப் பற்றிச் சொல்லிவந்த கதையும், அக்கதை உடைந்த விதமுமே.

கதை இதுதான். கற்காலத்திலே தோன்றிய ஒரு சமயம் ஐரோப்பா எங்கும் பரவியிருந்தது. கிறித்தவம் அரசு கட்டில் ஏறியபின் அது மறைவிலே வாழ்ந்தது. மாந்திரிகக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டோர் யாவரும் அதன் அடியார்களே. எஞ்சிய சில குடும்பங்கள் காட்டோரக் கிராமங்களிலே அதனை இரகசியமாகக் காத்துவந்தன. அத்தகைய கடைசிக் குழுக்களுள் ஒன்றை 1939இல் ஒருவர் கண்டு, அதனுள் தீட்சை பெற்று, உலகுக்கு வெளிப்படுத்தினார். அவர் பெயர் ஜெறல்ட் கார்ட்னர்.

கார்ட்னர் 1884இல் லிவர்பூலுக்கு அருகிலே, மர வியாபாரஞ் செய்த செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தார். இளமையிலே தொய்வு நோய் வருத்தியது. பாடசாலைக் கல்வி வாய்க்கவில்லை. வாசிப்பையும் தாமே பழகிக்கொண்டார். நோய்க்கு வெப்ப நாடு நல்லது என்று அவரைப் பல இடங்களுக்கும் அழைத்துச் சென்ற தாதி, இலங்கையிலே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவரை மணந்தார். அவர்களோடு 1900இல், பதினாறு வயதளவிலே, கார்ட்னரும் இலங்கைக்கு வந்தார். பிற்காலத்திலே இங்கிலாந்தின் ‘ஆதிச் சமயத்தை’ அறிவித்தவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலே தொழில் பழகியவர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி.

1910இல் கொழும்பிலே ‘ஸ்பிங்ஸ் லொட்ஜ்’ என்னும் பிறீமேசன் சங்கத்தில் அவர் சேர்ந்தார். இது சிறு செய்திபோலத் தோன்றும்; அன்று. கண்ணைக் கட்டி, கயிற்றாற் பிணித்து, மார்பிலே கூரிய முனையை வைத்து வினவிப் புதியவரை உள்ளே சேர்ப்பது பிறீமேசன் மரபு. படிகள் மூன்று, தம் நெறியை அவர்கள் ‘தொழில்’ எனப் பொருள்படும் சொல்லால் அழைப்பர். கண்கட்டு, கயிறு, வாள்முனை, மூன்று படி, ‘தொழில்’ என்ற பெயர் ஆகிய அனைத்தையும் பின்னர் விக்காவிலும் காண்கிறோம். கற்காலத்திலிருந்து வந்தவையெனச் சொல்லப்பட்ட சடங்குகளுட் சில, கொழும்பு மண்டபம் ஒன்றிலே அவர் கண்டறிந்தவற்றோடு இத்துணை ஒத்திருக்கின்றன.

மற்றொரு தொடர்பும் உண்டு, இது சுற்றுவழியானது. அக்காலத்திலே இலங்கையின் மன்றாடியார் நாயகமாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் இளம் புதல்வர்க்கு ஆசிரியராக அலன் பெனற் என்ற ஆங்கிலேயர் பணிபுரிந்தார். இராமநாதனிடத்தே யோகநெறியையும் கற்றார். 1901இல் அவரைத் தேடி வந்தவர் அலிஸ்டர் குறோலி. பிற்காலத்தில் ஆங்கிலப் பத்திரிகைகள் வாய்க்கு வந்தபடி வைத மந்திரவாதி அவரே. இருவரும் கண்டியிலே தங்கி யோகம் பயின்றனர். பெனற் பின்னர் பர்மா சென்று பௌத்த துறவியானார். குறோலி தாம் கற்றதைத் தம் மந்திர நூல்களிற் சேர்த்துக்கொண்டார். கார்ட்னரும் குறோலியும் ஒரே காலத்தில் இத்தீவிலே இருந்தும், அவர்கள் அறிமுகமானது 1947 மே மாதத்தில், இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரிலே. அதே ஆண்டு டிசம்பரில் குறோலி இறந்தார். ஆயினும் அவருடைய எழுத்துகள் கார்ட்னரின் சடங்கேட்டினுள் ஏராளமாகப் புகுந்துவிட்டன.

இலங்கையின் பின் கார்ட்னர் போர்ணியோவிலும் மலாயாவிலும் வேலை பார்த்தார். மலாய்க்காரரின் ‘கிறிஸ்’ கத்தியைப் பற்றி அவர் 1936இல் வெளியிட்ட நூல் மதிப்புப் பெற்றது. விக்கா வழிபாட்டிலே கத்திக்குள்ள முதன்மையைப் பார்க்கும்போது அந்நூலும் நினைவுக்கு வருகிறது. ஓய்வு பெற்று இங்கிலாந்தின் தென்கரையிலே, ‘நியூ பொறஸ்ட்’ என்னும் காட்டுக்கு அருகிற் குடியேறினார். 1939 செப்டெம்பரிலே டொறதி கிளற்றர்பக் என்னும் செல்வச் சீமாட்டியின் இல்லத்தில் தமக்குத் தீட்சை நிகழ்ந்ததென்பது அவர் கூற்று. 1949இல் தாம் அறிந்தவற்றை ஒரு நாவலாகப் புனைபெயரிலே வெளியிட்டார். மந்திர சக்தி உண்டெனப் பாசாங்கு செய்வோரைத் தண்டித்த 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அதன்பின், 1954இல், ‘இன்றைய மாந்திரிகம்’ எனப் பொருள்படும் தலைப்பிலே தம் பெயரையே இட்டு நூல் வெளியிட்டார்.

அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் மார்கிறட் மறே. கல்கத்தாவிலே 1863இற் பிறந்த இவ்வம்மையார் எகிப்திய ஆராய்ச்சியிலே பெயர் பெற்றவர். மாந்திரிக விசாரணை ஏடுகளை ஆராய்ந்து, குற்றஞ்சாட்டப்பட்டோர் உண்மையில் ஒரு பழஞ்சமயத்தவர் என்று 1921இல் நூல் எழுதினார். 1929இல் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்திலே இப்பொருள் பற்றிக் கட்டுரை எழுதும் பணியும் அவருக்கே கிடைத்தது. தம் கருதுகோளை முடிந்த முடிபுபோல அதிலே எழுதினார். அக்கட்டுரை 1969 வரை மறுபதிப்பாகிக்கொண்டிருந்தது. கலைக்களஞ்சியத்தில் உள்ளது என்றால் அதற்குமேற் கேள்வி உண்டோ? ஆசிரியராகிய நம்மிற் பலர் செய்யும் பிழையும் இதுதான். நோர்மன் கோன் என்னும் வரலாற்றாசிரியர் 1975இல் மறே காட்டிய மூல ஏடுகளை எடுத்துப் பார்த்தார். வானிற் பறந்ததும், விலங்காக உருமாறியதும் போன்ற நடவாத செய்திகளையெல்லாம் வெட்டிவிட்டு, நம்பத்தக்க பகுதிகளை மாத்திரம் அவர் மேற்கோள் காட்டியிருந்தமை வெளியாயிற்று.

இதைப் புலவர்களின் சச்சரவு என்று தள்ளிவிட என் மனம் இடந்தரவில்லை. கார்ட்னர் தம் நூலிலே, கொல்லப்பட்டோர் தொகை தொண்ணூறு இலட்சம் என்றார். 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் எழுத்தாளர் ஒருவர் ஓர் ஊர்க் கணக்கை வைத்துப் பெருக்கிப் போட்ட தொகை அது. இன்றைய ஆராய்ச்சியாளர் கூறுவது 40,000 முதல் 60,000 வரை. இத்தொகையே நெஞ்சை உறைய வைக்கும், மிகைப்படுத்த வேண்டியதில்லை. அன்றியும் அவ்வேழைகள் பழஞ்சமயம் எதனையும் அறிந்தவரல்லர். கிறித்தவராய்ப் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, அயலாரின் பகையினாலும் சித்திரவதையினாலும் மாண்டவர்கள். ‘நாங்கள் மாந்திரிகர் அல்லர்’ என்று கதறிச் செத்தவர்களை, பின்னாளில் வந்த ஒருவர், எத்துணை அன்போடாயினும், ‘நீங்கள் மாந்திரிகரே, எம் தியாகிகளே’ என்று கூறுவது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதியாக எனக்குப் படுகிறது.

இனி, இவ்வரலாற்றிலே என் மதிப்புக்குரிய ஒருவரைப் பற்றிக் கூறவேண்டும். அவர் டொறீன் வாலியன்டே. 1922இற் பிறந்த இப்பெண்மணி, சஞ்சிகைக் கட்டுரை ஒன்றைப் படித்து, கடிதம் எழுதி, கார்ட்னரைச் சந்தித்து, 1953இல் தீட்சை பெற்றவர். குறோலியின் நூல்களை முன்னரே படித்திருந்தமையால், பழஞ்சடங்கு என்று தம் முன் வைக்கப்பட்ட ஏட்டிலே அவருடைய வசனங்கள் மலிந்து கிடந்ததை உடனே கண்டுகொண்டார். மே மாதத் திருநாட் பாட்டு ஒன்று, றட்யாட் கிப்ளிங் 1906இல் வெளியிட்ட சிறுவர் கதைநூலிலிருந்து வந்தது! கேட்டபோது, தமக்குக் கிடைத்தவை துண்டுதுணுக்குகளே என்றும், இடைவெளியைத் தாம் நிரப்பியதாகவும் கார்ட்னர் ஒப்புக்கொண்டார். இதனிலும் நன்றாக எழுத முடியுமாயின் எழுதிப் பாரும் என்றார். வாலியன்டே எழுதினார். குறோலியின் வசனங்களிற் பெரும்பகுதியை நீக்கி, தேவி தன் அடியாரோடு பேசுவதாக அமைந்த உரையை அழகிய நடையிலே புதிதாக யாத்தார். இன்றும் வட்டத்தினுள் ஓதப்படுவது பெரும்பாலும் அவர் வாக்கே. அவ்வாக்கை ஆதிகாலத்து மந்திரம் என நம்பி ஓதியோர் பலர். எழுதியவர் அருகிலேயே இருந்தார்.

ஈராண்டோ மூன்றாண்டோ கழிய, பிணக்கு மூண்டது. கார்ட்னர் பத்திரிகைக்காரரைத் தேடித் தேடிப் பேட்டி கொடுத்தார். வாலியன்டேயும் தோழரும் அடக்கம் வேண்டும் என விதிகள் வகுத்தனர். புது விதி தேவையில்லை, பழைய சட்டங்களே உள்ளன என்று கார்ட்னர் 1957இல் ஓர் ஏட்டை நீட்டினார். பழைய ஆங்கிலம்போலத் தோன்றும் நடை. பெண் தலைமைக் குரு முதுமை எய்தியதும் இளையவளுக்கு இடம் விட்டு விலக வேண்டுமென்ற விதியும் அதிலே வசதியாக இருந்தது. இதுவரை கண்ணிற் படாத ஏடு இன்று எங்கிருந்து வந்தது? வாலியன்டே குழுவினர் விலகினர்.

கார்ட்னர் 1964 பெப்ருவரி 12இல், லெபனானிலிருந்து திரும்பும் வழியிற் கப்பலிலே இறந்து, தூனிஸ் நகரிற் புதைக்கப்பட்டார். பின்னர், கிளற்றர்பக் சீமாட்டி என்று ஒருவர் இருந்தாரா, அவரும் கார்ட்னரின் கற்பனையா என்று அறிஞர் ஐயுற்றனர். அப்பொழுது எழுந்தவர், கார்ட்னரோடு பிணங்கிப் பிரிந்த அதே வாலியன்டேதான். 1980இல் தொடங்கி, பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைத் துருவித் துருவி, அப்பெண்மணி 1880இல் வங்காளத்திற் பிறந்து 1951இல் இறந்தவர் என நிறுவினார். தேடல் 1984இல் நூலொன்றின் பின்னிணைப்பாக வெளிவந்தது. பெண்மணி இருந்தார் என்பது உறுதியாயிற்று, அவ்வளவே. அவர் எழுதிவைத்த நாட்குறிப்புகளைப் பார்த்த வரலாற்றாசிரியர் றொனால்ட் ஹட்டன், அவற்றிலே பழஞ்சமயச் சாயல் எதனையும் காணவில்லை. சீரிய கிறித்தவப் பெண்ணாகவே அவர் தோன்றுகிறார்.

கார்ட்னர் வழிக்கு அப்பாலும் மரபுகள் பல கிளைத்தன. அலெக்ஸ் சாண்டர்ஸ் என்பவர், சிறுவயதில் தம் பாட்டியே தமக்குத் தீட்சை அளித்தார் என்று சொல்லி 1960களிற் புகழ் பெற்றார். ஆயினும் பாட்டியின் ஏடு கார்ட்னரின் ஏட்டை ஒத்திருந்தது! இத்துறையிலே பாட்டிமார் தொகை அதிகம். அமெரிக்காவுக்கு இந்நெறியைக் கொண்டுசென்ற றேமண்ட் பக்லண்ட், 1973இல் சாக்சன் மரபு என ஒன்றைத் தொடக்கி, அதனைத் தாமே ஆக்கியதாக வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஹங்கேரியிலிருந்து வந்த ஷுஷன்னா புடபெஸ்ட், 1971இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே பெண்களுக்கு மாத்திரமான மரபொன்றை அமைத்து, தேவியை மாத்திரம் வணங்கினார். கன்னி, தாய், மூதாட்டி என்னும் தேவியின் முவ்வுருவம் பரவியதற்குக் கவிஞர் றொபேட் கிறேவ்ஸ் 1948இல் எழுதிய நூல் பெருங்காரணம். குழுவின்றித் தனியே வழிபடுவோர் இன்று மிகப் பலர். அமெரிக்க மேன்முறையீட்டு மன்றமொன்று 1986இல் விக்கா ஒரு சமயமே எனத் தீர்த்தது. 2007 முதல், இறந்த அமெரிக்கப் படைவீரரின் கல்லறையில் இச்சமயத்தின் ஐங்கோண நட்சத்திரத்தைப் பொறிக்கலாம்.

ஹட்டன் 1999இல் வெளியிட்ட பெருநூல், இச்சமயத்தின் வேர்கள் கற்காலத்தில் அல்ல, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையிலும் இரகசியச் சங்கங்களிலுமே உள்ளன என விரிவாகக் காட்டியது. உலகுக்கு இங்கிலாந்து தானே ஈன்று அளித்த ஒரே சமயம் இது என்பது அவர் மதிப்பீடு. நூலை வைதோரும் உண்டு. ஆனால் விக்கா நெறியினருட் பலர் அதனை ஏற்றுக்கொண்டனர். வட்டமும் நிலாவும் அவர்களை விட்டுப் போகவில்லை.

வாலியன்டே தம் பங்குக்கு 1989இலேயே, சடங்கேட்டில் எது எங்கிருந்து வந்தது, எதனைத் தாம் எழுதினார் என்பதைத் தன்வரலாறாக எழுதி வைத்துவிட்டார். 1999 செப்டெம்பரிலே அவர் இறந்தார். பிரைட்டன் நகரில் அவர் வாழ்ந்த மாடிக் குடியிருப்பின் சுவரிலே 2013இல் ஒரு நீலப் பலகை பதிக்கப்பட்டது. நவீன மாந்திரிகத்தின் தாய் என்று அப்பலகை அவரைக் குறிக்கிறது. அதற்கு முன்னதாக, அவர் பெயரையும் ஆண்டுகளையும் அடுத்து வரும் முதற்சொல், கவிஞர்.